சேல் என்றால் என்ன, தெரியுமா?

மனித குலத்தில் வேர்தோண்டிகள் என்று ஓர் இனம் உண்டு. மரவள்ளிக் கிழங்கு தோண்டுகிறவர்களைச் சொல்லவில்லை. அவர்கள் தோண்டினால் சாயங்காலம் வேகவைத்துத் தின்ன ஏதாவது கிடைக்கும். இவர்கள் தோண்டுவது சொற்களின் வேரை. நீங்கள் மருந்துக் கடையில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு தலைவலிக்கு மாத்திரை கேட்பீர்கள். பக்கத்தில் நிற்பவருக்கு உங்கள் தலையைப் பற்றிக் கவலை கிடையாது. “மாத்திரைன்னா என்ன தெரியுமா? கண்ண இமைக்கிற நேரம்!” என்பார். நீங்கள் திகைத்துப்போய்க் கண்ணை இமைப்பீர்கள். அதையும் உதாரணமாக எடுத்துக்கொள்வார்.

இது உள்நாட்டு வகை. சாது. ஒரு காபி வாங்கிக் கொடுத்தால் போய்விடும். வெளிநாட்டு வகை அப்படியில்லை. காபி என்ற சொல் எந்தத் துறைமுகத்தில் கப்பலேறியது என்று தொடங்கினால் டம்ளரில் ஆடை கட்டிய பிறகும் கரை இறங்காது.

சிதம்பரம் சுப்பராயலு வெளிநாட்டு வகை. கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். பழைய பேப்பர் கடையில் அட்டை கிழிந்து கிடந்த ஐரோப்பிய மொழிகளின் அகராதி ஒன்றை எப்போதோ வாங்கி வந்தார். அன்றிலிருந்து அவருக்கு உள்ளூர்ப் பேச்சு எதுவும் காதில் ஏறுவதில்லை. கலியாண வீட்டில் பளபளக்கும் காகிதம் சுற்றிய பரிசைப் பார்த்தால், “ஜெர்மன்காரனுக்கு கிஃப்ட்னா விஷம், தெரியுமா?” என்று மாப்பிள்ளையின் காதருகே சொல்லி, மாப்பிள்ளை அதை இரண்டு விரலால் வாங்கித் தள்ளி வைப்பதை நிறைவாகப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆள்காட்டி விரல் மேலே போகும். இடது கண் லேசாக மூடும். “அங்கதான் இருக்கு விஷயம்” என்பார். விஷயம் அங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகு மனிதர்கள் இங்கே நிற்பதில்லை, நகர்ந்துவிடுவார்கள்.

நகர முடியாத இடம் ஒன்று இருந்தது. கடலூர்ப் பேருந்து. பாதையை அகலமாக்குகிறோம் என்று தண்டவாளத்தைப் பிடுங்கிப் போட்டிருந்த வருடங்கள் அவை. ரயிலில் போய்க்கொண்டிருந்தவர்களும் பேருந்தில் திணிந்தார்கள். ரயிலென்றால் எழுந்து அடுத்த பெட்டிக்குப் போகலாம். பேருந்தில் ஜன்னல் வழியாகவா போவது? சுப்பராயலுவுக்குப் பக்கத்து இருக்கை கிடைத்தவர்கள் கண்ணை மூடித் தூங்குவதுபோல் நடித்தார்கள். நடித்து நடித்துச் சிலர் உண்மையிலேயே தூங்கி, சிதம்பரத்தைத் தாண்டி அண்ணாமலை நகர்வரை போய்த் திரும்பினார்கள். பரங்கிப்பேட்டை பிரிவு ரோடு வந்தால் அவர் பரங்கிக்காரனையும் அவன் தன் மொழியில் ஊருக்குப் புதுத் துறைமுகம் என்று பெயர் வைத்த கதையையும் எடுப்பார் என்று தெரிந்து, நடத்துனரே முந்திக்கொண்டு, “புதுத் துறைமுகம்லாம் எறங்கு, புதுத் துறைமுகம்!” என்று விசிலடித்துவிடுவார்.

இத்தனை சொன்னாலும் அவருக்காக நீங்கள் கொஞ்சம் வருத்தப்படத்தான் வேண்டும். இத்தனை வருடத்தில் ஒருவர்கூடத் தானாக முன்வந்து, “சார், இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?” என்று அவரைக் கேட்டதில்லை. மனைவி அமராவதி ஒரே ஒரு முறை, “இதுக்கு என்னாங்க அர்த்தம்?” என்று கேட்டார். அது சட்டைப் பையில் இருந்த சினிமா டிக்கெட்டைப் பற்றியது.

கேட்கும் நாள் 2009 ஆனி மாதக் கடைசியில் வந்தது. கேட்டவர் நூருல் அமீன்.

நூருல் அமீனுக்குச் சிதம்பரம் மேல வீதியில் ஜவுளிக்கடை. சுப்பராயலுவை மாமா என்பார், இவர் அவரை மாப்ள என்பார். அந்த வருடம் நூருல் அமீன் நிலைமை சரியில்லை. எதிர்ச்சாரியில் நாலு மாடிக்கு ஒரு ஜவுளி மாளிகை முளைத்து, நாலு மாடியையும் மூடுகிற அளவுக்கு ஆடித் தள்ளுபடி என்று பேனர் கட்டியிருந்தது. குவைத்திலிருந்து வந்திருந்த மச்சினன் ரஃபீக், கடைக்குள் நின்று சுவரை விரலால் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, “மச்சான், இதுல செல்போன் கடை போட்டா பிச்சிக்கிட்டுப் போவும்” என்று சொல்லியிருந்தான். நூருல் அமீனின் மனைவி ரசியா ஒரு முடிவுக்கு வந்தார். இந்த ஆடியில் சரக்கு ஓடினால் ஜவுளிக்கடை. ஓடாவிட்டால் செல்போன் கடை. அன்றிலிருந்து நூருல் அமீன் வைராக்கியமாகக் கையில் செல்போனையே தொடுவதில்லை.

“மாமா, ஒரு சந்தேகம். பிரெஞ்சுல சேல்னா என்னா அர்த்தம்?”

சுப்பராயலு முதலில் திரும்பிப் பின்னால் பார்த்தார். வேறு யாரையோ கேட்கிறார் என்று நினைத்தார். பின்னால் யாரும் இல்லை.

“என்னையா கேட்ட?”

“பின்ன யார? பாண்டிச்சேரி ஜெயராணியக்கா இருக்காங்கல்ல, பாரிஸ்ல குடும்பமா இருக்காங்களே, வருஷா வருஷம் லீவுக்கு வந்தா நம்ம கடையிலதான் பெட்டி பெட்டியா எடுப்பாங்க. போன வருஷம் அந்தக்கா மவ வாசல்ல நின்னு நம்ம சேல் போர்டப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சிது மாமா. போட்டோவேற புடிச்சிது. ஒரு வருஷமா எனக்குத் தூக்கம் இல்ல.”

சுப்பராயலுவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். ரசியா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, அவர் உட்கார்ந்த விதத்தைக் கண்டு, டீக்குச் சொல்லாமல் சாப்பாட்டுக்கே சொன்னார்.

“எஸ், ஏ, எல், ஈ. நாலே எழுத்து. இங்கிலீஷ்காரனுக்கு விற்பனை. அது அவன் சரக்கில்ல, வடக்கேருந்து படகுல வந்து கொள்ளையடிச்சவன் விட்டுட்டுப் போன சொல்லு. அதே நாலு எழுத்து இத்தாலிக்காரன்கிட்ட போனா ‘சாலே’. உப்பு! லத்தீன்லேருந்து நேரா எறங்கினது. ஸ்பெயின்காரனும் ‘சாலே’ன்னுதான் படிப்பான். ஆனா அவனுக்கு உப்பு இல்ல.”

“சர்க்கரையா?”

“வெளிய போறான்னு அர்த்தம். அது குதிக்கிறதுங்கற சொல்லுலேருந்து வந்தது. வேர் வேற, மரம் வேற, எல தான் ஒண்ணு.”

“மாமா, பிரெஞ்சு.”

விரல் மேலே போனது. இடது கண் மூடியது. “அங்கதான் இருக்கு விஷயம். பிரெஞ்சுக்காரன் ‘சால்’ம்பான். அர்த்தம் என்னா தெரியுமா? அழுக்கு!”

நூருல் அமீன் மூலையில் சாத்தி வைத்திருந்த சேல் போர்டைப் பார்த்தார். பத்து வருடமாக ஆடிக்கு ஆடி சிவப்பு விளக்கு போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார். பிரெஞ்சுக்காரன் பார்வையில் அழுக்கு. இத்தாலிக்காரன் பார்வையில் உப்புக் கடை. ஸ்பெயின்காரன் படித்ததுமே வெளியே போய்விடுவான்.

“தமிழ்ல எழுதினாலும் ஆபத்து மாப்ள. சேல்னா கெண்ட மீனு.”

“துணிக்கடையில மீனா!” நூருல் அமீன் மேசையைப் பிடித்துக்கொண்டார். “மாமா, நீங்கதான் காப்பாத்தணும். புது பேனர் போடணும். எந்த ஊர்க்காரன் படிச்சாலும் தப்பா வரக்கூடாது. என்னா எழுதலாம், நீங்களே சொல்லுங்க.”

நோயாளி மருத்துவரைத் தேடி வருவது இயல்பு. இங்கே நோயாளி மருத்துவரிடம் வந்ததாக நினைத்து இன்னொரு நோயாளியிடம் வந்திருந்தார்.

அலுவலகத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, சுப்பராயலு பிரவுசிங் சென்டரே கதியென்று கிடந்தார். வியாழக்கிழமை காலை இருவரும் அன்பரசுவின் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனார்கள். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சி மாநாடு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அன்பரசு கையால்தான் அந்த வட்டாரத்தில் நடக்கும்.

“சேல் வேணாம்னா ஆஃபர்னு போட்ருவமா?” என்றான் அன்பரசு.

“சுவீடன்காரனுக்கு ஆஃபர்னா பலியானவன். ஹாலந்துக்காரனுக்கு பலி.”

அன்பரசு கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். “ஆடித் தள்ளுபடி?”

“எதிர்க்கடைக்காரன் எச்சில் அது. அதுவுமில்லாம ஆடின்னா ஜெர்மன் காரு. லத்தீன்ல ‘கேளு’ன்னு அர்த்தம்.”

“கேக்கட்டுமே மாமா” என்றார் நூருல் அமீன் பரிதாபமாக.

“கேட்டா என்னா பதில் சொல்லுவ?”

ஆடி போனது. கடையின் பெயர் ‘நூருல் அமீன் ஜவுளி ஸ்டோர்ஸ்’. ஜவுளி எந்த ஊர்ச் சொல் என்பதில் சுப்பராயலுவுக்குச் சந்தேகம் இருந்ததால் அது போனது. ஸ்டோர்ஸ்? “சுவீடன்ல ‘ஸ்டூர்’னா பெருசு. உன் கடை என்ன அவ்வளவு பெருசா?” நூருல் அமீன் மனசாட்சியுள்ள மனிதர். இல்லை என்றார். அதுவும் போனது. நூருல் அமீன் மட்டும் மிஞ்சினார்.

“புடவை எடுக்கலாம்னாவது போடுவமே.”

“புடவைன்னு போட்டா கைலிக்கு வர்றவன் போயிருவான். கைலின்னு போட்டா பாவாடைத் துணிக்கு வர்றவ போயிருவா. பொருளச் சொல்லக்கூடாது மாப்ள. செயலச் சொல்லணும்.” சுப்பராயலு குரலைத் தாழ்த்தினார். கண்டுபிடிப்பாளர்கள் குரலைத் தாழ்த்தும்போதுதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். “நம்ம ஊர்ல துணி வாங்கறோம்னா சொல்றோம்? தீவாளிக்குத் துணி எடுத்தாச்சான்னுதான கேக்கறோம்? எடு! ரெண்டே எழுத்து. ஐரோப்பா பூராவும் தேடிட்டேன். ஒரு ஊர்லயும் கெட்ட அர்த்தம் கெடையாது.”

“எடுக்கலாம்னு போடட்டா?” என்றான் அன்பரசு.

“‘லாம்’னா என்னமோ அனுமதி குடுக்கற மாதிரி இருக்கு. கடைக்காரனும் வர்றவங்களும் ஒண்ணுன்னு இருக்கணும். எடுக்கிறோம்னு போடு.”

எழுத்து குறைந்ததால் பேனரில் நிறைய இடம் காலியாகக் கிடந்தது. காலி இடம் இருந்தால் அன்பரசுவுக்குப் பொறுக்காது. நூருல் அமீனின் பாஸ்போர்ட் சைஸ் படத்தை ஆளுயரத்துக்கு ஊதிப் பெரிதாக்கி, பின்னால் நீல வானமும் வெள்ளை மேகமும் வைத்தான். அந்த வாரம் கணினியில் திறந்திருந்த பின்னணி அது. இரண்டு பக்கமும் இரண்டு புறா. பார்த்ததும் நூருல் அமீனுக்கே தன்மீது ஒரு மரியாதை வந்தது.

சாயங்காலம் பேருந்து நிலையத்திலும் மேல வீதி முனையிலும் பேனர் ஏறியது. மேகங்களுக்கு நடுவில் நூருல் அமீன் அமைதியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே:

நூருல் அமீன்
வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எடுக்கிறோம்
அனைவரும் வருக

நீங்கள் இப்போது சிரிக்கிறீர்கள். உங்களுக்குப் படித்த உடனே புரிந்துவிட்டது. சுப்பராயலு அதன் அடியில் நின்று எத்தனை தடவை படித்தார் என்று நினைக்கிறீர்கள்? பிரெஞ்சுக்காரனாகப் படித்தார். இத்தாலிக்காரனாகப் படித்தார். சுவீடன்காரனாகவும் ஒரு தடவை படித்தார். எங்கும் பழுதில்லை. சிதம்பரத்துக்காரனாகப் படிக்க மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

ஆடி முதல் தேதி, வெள்ளிக்கிழமை காலை அவர் மேல வீதிக்குப் போனபோது கடை இன்னும் திறக்கவில்லை. உள்ளே நூருல் அமீன் ஷட்டரை இறக்கிவிட்டு அடுக்குகளைச் சரிசெய்துகொண்டிருந்தார். வெளியே கூட்டம். மேல வீதியை அடைத்துக்கொண்டு கூட்டம். குமராட்சி மினி பஸ்ஸிலிருந்து இறங்கி இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். எதிரே நாலு மாடி மாளிகையின் ஊழியர்கள்கூட வாசலுக்கு வந்து கைகட்டி நின்றார்கள். சுப்பராயலுவுக்குப் புல்லரித்தது. ரெண்டு எழுத்து. ரெண்டே எழுத்து!

கூட்டத்தில் யாரும் சத்தமாகப் பேசவில்லை, தோளில் கிடந்த துண்டெல்லாம் இடுப்புக்கு இறங்கியிருந்தது என்பதை அவர் கவனித்தார். ஒழுங்கு என்று எடுத்துக்கொண்டார். அரிசி மண்டி பொன்னுரங்கம் பெரிய ரோஜா மாலையோடு அவரை நோக்கி வந்தார். அடக்கமாகக் கழுத்தைக் கொஞ்சம் குனிந்து கொடுத்தார் சுப்பராயலு. மாலை வந்து விழவில்லை.

“எப்பங்க ஆச்சு?” என்றார் பொன்னுரங்கம்.

“நேத்து சாயங்காலமே ஆயிடுச்சு.”

“நல்லாத்தான இருந்தாரு. எப்படி இப்படித் திடீர்னு?”

சுப்பராயலு நெஞ்சில் கை வைத்தார். “எல்லாம் நான்தான்.”

பொன்னுரங்கம் ஓரடி பின்னால் போனார். “எங்க வச்சிருக்கீங்க?”

“உள்ளதான். அலமாரியில அடுக்கி வச்சிருக்கு.”

“அலமாரியிலயா!”

“பின்ன? போன வருஷத்தது மட்டும் மூட்ட கட்டி மாடியில கெடக்கு. அதையும் இன்னைக்கே தள்ளிடணும்.”

அதற்குள் ஜமாத் செயலாளர் தஹ்ஸீன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். கோபத்தில் அவருக்குத் தொப்பி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. “பேனர் வச்சி ஊருக்கே சொல்லத் தெரியுது, ஜமாத்துக்கு ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலையா? மய்யித்த வெள்ளிக்கெழம ஜும்மாவுக்கு முன்னாடி ஒம்போது மணிக்கே எடுக்க என்னா அவசரம்? குழி வெட்ட ஆள் சொல்ல வேணாமா? யாரு இத முடிவு பண்ணது?”

மய்யித்து என்ற சொல்லைக் கேட்டதும் சுப்பராயலுவின் விரல் பழக்கத்தில் மேலே போனது. அரபு வேர் ஒன்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போதுதான் தெரு முனையில் இருந்த பேனர் கண்ணில் பட்டது. மேகம். புறா. எடுக்கிறோம். விரல் போன இடத்திலேயே நின்றது.

ஷட்டர் கடகடவென்று மேலே ஏறியது. புதுச்சட்டை, அத்தர் வாசம், கையில் அளவுகோல். நூருல் அமீன் அத்தனை பெரிய கூட்டத்தைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. இரண்டு கைகளையும் அகலமாக விரித்தார்.

“வாங்க, வாங்க! எல்லாரும் எடுக்கத்தான வந்திருக்கீங்க?”

குமராட்சி செல்லாயி போட்ட கூச்சலில் கோபுரத்துப் புறாக்கள் எழும்பின. மூன்று மகள்களுக்கும் முகூர்த்தப் புடவை அந்தக் கடையில்தான் எடுத்தவள். பஸ்ஸிலேயே அழுதுகொண்டு வந்தவள். நூருல் அமீன் அருகில் போய், அவர் கையை ஒரு கிள்ளு கிள்ளிப் பார்த்தாள்.

“அட பாவி மனுசா! உசுரோடதான் இருக்கியா? உனக்காவ நான் நாத்து நடவ விட்டுட்டு ஓடியாந்தேனே!”

“ஏன், எனக்கு என்னாச்சி?”

எல்லாரும் பேனரைக் காட்டினார்கள். பேனரைப் பார்த்த நூருல் அமீன் சுப்பராயலுவைப் பார்த்தார். நூருல் அமீனைப் பார்த்த கூட்டமும் சுப்பராயலுவைப் பார்த்தது. இருபத்தைந்து வருடமாக அவர் ஏங்கியது இதற்குத்தான். ஊரே திரும்பி அவரைப் பார்த்து, அவர் ஒரு சொல்லுக்கு அர்த்தம் சொல்வதற்காகக் காத்திருந்தது. அவர் மேலே போன விரலை மெதுவாகக் கீழே இறக்கினார்.

பிறகு யாரோ சிரித்தார்கள். தஹ்ஸீனாகத்தான் இருக்க வேண்டும், கீழே விழுந்த தொப்பி அவருடையது. சிரிப்பு மேல வீதி முழுக்கப் பரவியது. செல்லாயி மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு, “வந்தது வந்துட்டேன், அந்த மயில்கழுத்துக் கலர எடு” என்றாள். துக்கத்துக்கு வந்து வெறுங்கையோடு திரும்புவது ஒரு மாதிரி, உயிரோடு இருக்கிறவரைப் பார்த்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் திரும்புவது அதைவிட ஒரு மாதிரி. பொன்னுரங்கம் மாலையை யாருக்குப் போடுவது என்று தெரியாமல் கடை பொம்மையின் கழுத்தில் போட்டுவிட்டு இரண்டு வேட்டி எடுத்தார். எதிர்க்கடை ஊழியர்களில் இருவர்கூட முதலாளி பார்க்காதபோது வந்து ஆளுக்கொரு துண்டு எடுத்தார்கள். ஜும்மாவுக்குள் அலமாரி காலி. மாடி மூட்டைகள் இறங்கின.

இதற்கிடையில், பத்து மணிக்குமேல் பாண்டிச்சேரியிலிருந்து ஜெயராணி குடும்பம் காரில் வந்தது. முழுக்கக் கறுப்பு உடை; யாரோ போனில் துக்கச் செய்தி சொல்லியிருந்தார்கள். விஷயம் தெரிந்ததும் ஜெயராணி அழுதுகொண்டே சிரித்தார். நூருல் அமீன் கூச்சத்தோடு மகளிடம் கேட்டார்: “பாப்பா, போன வருஷம் எங்க சேல் போர்டப் பாத்துச் சிரிச்சியே, அழுக்குன்னு படிச்சிதான சிரிச்ச?”

“ஆமா அங்கிள். செம சிரிப்பு. அதப் பாத்துதான் அம்மாவ உள்ள இழுத்துட்டு வந்தேன். அந்த போர்ட ஏன் எடுத்தீங்க?”

சாயங்காலம் ரஃபீக் கடைக்குள் வந்தான். சுவரைத் தட்டவில்லை. காலி அலமாரியைத் தடவிப் பார்த்துவிட்டு, “தீவாளிக்குச் சரக்கு போட சூரத்துக்கு நானே போறேன் மச்சான்” என்றான். நூருல் அமீன் ரசியாவைப் பார்த்தார். ரசியா தலையசைத்தார். ஜவுளிக்கடைதான்.

மூலையில் ஸ்டூல்மேல் சுப்பராயலு உட்கார்ந்திருந்தார். ஆள்காட்டி விரலை மடக்கி மடியில் வைத்திருந்தார். நூருல் அமீனுக்கு மனசு கேட்கவில்லை. “விடுங்க மாமா. எப்படியோ எடுத்துட்டாங்கல்ல. அடுத்த ஆடிக்கும் நீங்கதான் எழுதணும்.”

சுப்பராயலுவின் முகம் மலர்ந்தது. விரல் மெதுவாக அசைந்தது. “எடுன்னா ரெண்டு அர்த்தம்னு இன்னைக்குத்தான் மாப்ள கவனிச்சேன். அங்கதான் இருக்கு விஷயம்...”

ரசியா டீயை அவர் முன்னால் வைத்தார். “எழுதுங்கண்ணே. நல்லா எழுதுங்க. ஆனா அடுத்த ஆடிக்கு உங்க போட்டோவப் போட்டுக்குவோம்.”

சுப்பராயலுவை அங்கேயே விட்டுவிட்டு நாம் கிளம்புவோம். உங்களுக்கும் வேலை இருக்கும். உங்களைப் பற்றி எனக்குப் பயமில்லை. நீங்கள் அந்த இனம் இல்லை என்று உங்கள் முகமே சொல்கிறது. ஆனால் வருகிற ஆடியில் ஏதாவது கடைத்தெருவில் வீட்டாரோடு நடப்பீர்கள். சிவப்பு விளக்கில் அந்த நாலு எழுத்து மின்னும். பக்கத்தில் வருகிறவர் பாவம், வெயிலில் களைத்துப்போய் ஒரு நன்னாரி சர்பத் கிடைக்காதா என்று யோசித்துக்கொண்டிருப்பார். நீங்கள் நிற்பீர்கள். “பிரெஞ்சுல இதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா?” என்பீர்கள்.

சொல்லுங்கள், தவறில்லை. சொல்லும்போது உங்கள் ஆள்காட்டி விரல் எங்கே இருக்கிறது என்று மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.